கழுத்து வலி, கை மரத்துப் போறது: பாலிகிளினிக் டாக்டர், பிசியோ எப்படிப் பார்த்தாங்க?

முதல்லயே மார்க்கு சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. குறைச்ச அந்த ஒண்ணு காத்திருந்ததுக்கு. மத்தபடி டாக்டர் ரூம்லயும் பிசியோ ரூம்லயும் பொறுமையா பார்த்த விதத்துக்கு முழுசாவே குடுக்கலாம். சிங்கப்பூர்ல எந்த பாலிகிளினிக்னு (அரசாங்க கிளினிக்) பேரு போடல, டாக்டர் மாறினா அனுபவமும் மாறும், அதனால அங்க என்ன கேட்டாங்க, எதைத் தொட்டுப் பார்த்தாங்க, எதை வச்சு இது கழுத்துத் தட்டு (எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்) தேய்மானம்னு சொன்னாங்கன்னு எழுதுறேன். கழுத்து வலின்னு தைலம் தேய்ச்சுக்கிட்டே நாளைத் தள்ளுறவங்க நம்ம ஆளுங்கள்ல ரொம்ப பேரு, அவங்க படிக்கணும்னுதான் நீளமா எழுதுறேன்.

பேஷண்ட் என் வீட்டுக்காரர், வயசு 49. துறைமுகத்துல கப்பல்ல இருந்து கன்டெய்னர் தூக்குற பெரிய கிரேன் ஓட்டுறாரு. அந்த வேலையைப் பார்க்காதவங்களுக்கு சொல்றேன், கேபின் பத்து மாடிக்கு மேல உயரத்துல தொங்கும், கால் வைக்கிற இடம் கண்ணாடி, உட்கார்ந்தபடி முன்னாடி சாஞ்சு குனிஞ்சு ரெண்டு முட்டிக்கும் நடுவுல கீழயே பார்த்துக்கிட்டு ரெண்டு கையிலயும் ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சு ஓட்டணும், ஷிப்ட் முழுக்க கழுத்து குனிஞ்ச நிலையிலயேதான் இருக்கும். இப்படி எத்தனையோ வருஷம். கழுத்து கேட்காம இருக்குமா?

ஆரம்பத்துல காலையில எந்திரிச்சா கழுத்து இறுகிப்போய் இருக்கும், குளிச்சு கொஞ்ச நேரம் ஆனா சரியாயிடும். பைக்ல எக்ஸ்பிரஸ்வேல லேன் மாத்தும்போது தலையைத் திருப்பிப் பின்னாடி பார்க்க முடியலன்னு சொன்னாரு, உடம்பையே சேர்த்துத் திருப்புறாரு. அப்புறம் வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்க ஓரத்துல, முதுகெலும்புக்கும் அதுக்கும் நடுவுல, ஒரு இடத்துல குத்துற மாதிரி வலி. அந்த இடத்தைத்தான் அமுக்கச் சொல்லுவாரு. எங்க அத்தை வாயுப் பிடிப்புன்னு சொல்லி பூண்டு ரசம் வச்சுக் குடுத்தாங்க, பக்கத்து வீட்டுல கோடாலித் தைலம் தேய்க்கச் சொன்னாங்க, பிரெண்டு ஒருத்தர் சுளுக்கு எடுக்கிற ஆளு இருக்காருன்னாரு. இதெல்லாம் பாசத்துல சொல்றதுதான், யாரையும் குறை சொல்லல. ஆனா அந்தத் தோள்பட்டை ஓரத்து வலி கழுத்துல இருந்து வர்றதா இருக்கலாம்னு எங்க யாருக்கும் தோணல. கழுத்துல கீழ்ப்பக்கத் தட்டு கெட்டா நிறைய பேருக்கு வலி முதல்ல அங்கதான் தெரியுமாம், சிலருக்கு கழுத்தை விட அங்கதான் அதிகமா வலிக்குமாம். இதை டாக்டர் சொன்னப்போ இவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு.

நடுவுல ஒரு கடைக்கும் போனோம். மால்ல இருந்த ஒரு கழுத்து முதுகு சென்டர், பேரு வேண்டாம். உள்ள போன உடனே போட்டோ எடுத்து ஸ்கிரீன்ல கோடு போட்டுக் காட்டி உங்க கழுத்து வளைவு போயிடுச்சுன்னு சொன்னாங்க, அடுத்த பேச்சு பேக்கேஜ்தான், ஆயிரக்கணக்கு வெள்ளி, இன்னிக்கே கட்டினா டிஸ்கவுண்ட். எனக்குக் கோபம் வந்தது விலைக்காக இல்ல. இவருக்கு அப்போ விரல் மரத்துப் போக ஆரம்பிச்சிருந்துச்சு, கை மரத்துப் போகுதான்னு ஒரு வார்த்தை கேட்காம கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கப் போனாங்க. வேண்டாம்னு கூட்டிக்கிட்டு வந்துட்டேன். நரம்போ தண்டுவடமோ அழுத்தப்பட்டிருக்கிற கழுத்தை வெடுக்குன்னு திருப்பினா ஆபத்து, கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வர்றதும் அபூர்வமா நடக்கும். கேள்வி கேட்காம கை வைக்கிறவங்ககிட்ட தயவுசெஞ்சு கழுத்தைக் குடுத்துடாதீங்க. இங்க பிசியோதெரபிஸ்ட்னா அலைட் ஹெல்த் புரொபெஷன்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும், சீன வைத்தியர்னா டிசிஎம் பிராக்டிஷனர்ஸ் போர்டுல பதிவு இருக்கணும், ரெண்டையுமே ஆன்லைன்ல பேரு போட்டுத் தேடிப் பார்க்கலாம். ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப பாலிகிளினிக். டாக்டர் தமிழ்ப் பையன், வயசு முப்பது இருக்கும். இவரு உட்கார்ந்ததும் கழுத்து வலின்னு சொன்னாரு. டாக்டர் கழுத்தையே தொடல, "எந்த விரலு மரத்துப் போகுது அண்ணே, காட்டுங்க"ன்னு கேட்டாரு. இவரு எல்லா விரலும்தான்னு பொதுவா சொல்ல, "இல்லண்ணே, ரொம்ப அதிகமா எது? கண்ணை மூடி யோசிச்சு சொல்லுங்க"ன்னு திருப்பிக் கேட்டாரு. இவரு நடுவிரலைத் தூக்கிக் காட்டினாரு, அப்புறம் ஆள்காட்டி விரல்லயும் கொஞ்சம்னாரு. அந்த ஒரு கேள்வியிலயே பாதி விஷயம் கிடைச்சிடும் போல இருக்கு. கழுத்துல எலும்பு ஏழு, அதுல இருந்து பக்கத்துக்கு எட்டு நரம்பு வெளிய வருது. ஆறாவது நரம்புன்னா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ஏழாவதுன்னா நடுவிரல், எட்டாவதுன்னா சுண்டுவிரலும் மோதிர விரலும். அஞ்சாவதுன்னா விரல் வரைக்கும் வராது, தோள்பட்டை மேல்பக்கத்தோட நிக்கும், கையைப் பக்கவாட்டுல தூக்குற பலம் குறையும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா பெரும்பாலும் இந்தக் கணக்குதான். தட்டு அதிகமா தேயுற இடம் அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவுல, அதுக்கு அடுத்து ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல, ஏன்னா கழுத்து குனிஞ்சு நிமிரும்போது பாரம் அதிகமா விழுறது அங்கதான்.

அப்புறம் இவரை உள்ளங்கை ரெண்டையும் சுவத்துல வச்சு தள்ளச் சொன்னாரு. வலது கை நடுங்குது. முழங்கையை மடக்கி வச்சு இப்ப நீட்டுங்கன்னு எதிர்ப்பக்கம் பிடிச்சாரு, இடது கை டாக்டரையே தள்ளுது, வலது கை அவரு பிடிக்குள்ளயே நின்னுடுச்சு. இவரு முகம் மாறிப்போச்சு. பலம் குறைஞ்சதே இவருக்குத் தெரியாது, நாற்காலியில கை ஊனி எந்திரிக்கும்போது வலதுபக்கம் இடறுதுன்னு மட்டும் வீட்டுல சொல்லியிருக்காரு. சின்ன ரப்பர் சுத்தியால முழங்கைக்குப் பின்னாடி தட்டினா இடதுல துள்ளுது, வலதுல அசைவே இல்ல. இதெல்லாம் ஏழாவது நரம்பையே காட்டுது பாருங்கன்னு எனக்கும் புரியுற மாதிரி சொன்னாரு.

கழுத்தை லேசா பின்னாடி சாய்ச்சு வலதுபக்கம் திருப்பி மேல இருந்து மெதுவா அமுக்கினாரு, கரண்டு மாதிரி வலி கை வழியா விரல் வரைக்கும் இறங்குதுன்னு இவரு சொன்ன உடனே விட்டுட்டாரு. இதை வீட்டுல யாரும் செஞ்சு பார்க்காதீங்க. ஆனா இன்னொண்ணு நீங்களே கவனிக்கலாம், வலிக்கிற கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலை உச்சியில வச்சா வலி குறையுதா? இவரு ராத்திரியெல்லாம் அப்படித்தான் தூங்குவாரு, கையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு. நான் சூட்டுக்குன்னு நினைச்சேன். நரம்போட இழுப்பு அந்த நிலையில தளருறதால சுகமா இருக்குமாம், அது கழுத்து நரம்புக் கோளாறுக்கு ஒரு நல்ல அடையாளம்.

கை மரத்துப் போனா எல்லாமே கழுத்து இல்ல, இதையும் டாக்டர் பிரிச்சுப் பார்த்தாரு. மணிக்கட்டுல நரம்பு நெருக்கப்பட்டாலும் கட்டை, ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகும், ஆனா அது ராத்திரி தூக்கத்துல எழுப்பிவிடும், கையை உதறினா குறையும், கழுத்தைத் திருப்புறதால கூடாது குறையாது. தோள்பட்டை இறுகிப் போறது வேற, அதுல கையே மேல போகாது, தலை சீவ முடியாது, சர்க்கரை உள்ளவங்களுக்கு அது அதிகம். சர்க்கரையால வர்ற நரம்புக் கோளாறு பெரும்பாலும் கால்ல, ரெண்டு பாதத்துலயும் ஆரம்பிக்கும். இவருக்கு சர்க்கரை இருக்கு, மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா சாப்பிடுறாரு, அந்த மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டா சிலருக்கு பி12 சத்து குறையும், அதனாலயும் மரத்துப் போகும்னு ரத்த டெஸ்டும் எழுதினாரு. இந்த ஊர்ல நம்ம ஆளுங்கள்ல சர்க்கரை எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால இதை யாரும் விட்டுடாதீங்க. இன்னொண்ணு, இடது கை வலியோட நெஞ்சு இறுக்கம், தாடை வலி, வேர்வை, மூச்சு வாங்குறதுன்னு எதாவது சேர்ந்து வந்தா கழுத்துன்னு நினைச்சு உட்கார்ந்திருக்காதீங்க, 995 அடிங்க.

எனக்கு வயித்தைக் கலக்கினது இதுக்கு அடுத்து நடந்தது. சட்டைப் பட்டனைப் போட்டு கழட்டச் சொன்னாரு. கையை மூடித் திறந்து மூடித் திறந்து பத்து செகண்ட் வேகமா செய்யச் சொல்லி எண்ணினாரு, 20 தடவை வந்தா நல்லதாம். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டு கட்டைவிரல் தானா மடங்குதான்னு பார்த்தாரு. குதிகாலை முன்கால் விரலோட ஒட்டி ஒட்டி வச்சு நேர்க்கோட்டுல நடக்கச் சொன்னாரு. எதுக்கு டாக்டர், இவருக்குக் கால்ல ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன். "நரம்பு மட்டும் நெருக்கப்பட்டா ஒரு கையோட நிக்கும் அக்கா, தண்டுவடமே நெருக்கப்பட்டா ரெண்டு கையும் காலும் சேர்ந்து கெடும், அதுல வலியே இல்லாமலும் இருக்கலாம்"னாரு. வலி இல்லாமலே! பட்டன் போட வரல, சாவி திருப்ப வரல, கையெழுத்து மாறுது, சோறு பிசைஞ்சு எடுக்கும்போது கை தடுமாறுது, போதையில நடக்கிற மாதிரி நடை தள்ளாடுது, தலையைக் குனிஞ்சா முதுகுல கரண்டு ஓடுது, யூரினை அடக்க முடியல, இதெல்லாம் வந்தா வயசாயிடுச்சுன்னு விட்டுடக் கூடாது, உடனே போகணும். தண்டுவடம் ஒருதடவை கெட்டா முழுசா திரும்பி வர்றது கஷ்டம், அதனாலதான் அவசரம். வயசானவங்க வீட்டுல இருந்தா அவங்க நடையையும் பட்டன் போடுற விரலையும் கொஞ்சம் பாருங்க. இவருக்கு இதெல்லாம் இல்லன்னு தெரிஞ்சப்போதான் எனக்கு உயிரே வந்துச்சு. அதோட காய்ச்சல், காரணமில்லாம எடை குறையுறது, முன்னாடி கேன்சர் வந்திருக்கா, எங்கயாவது விழுந்தீங்களான்னும் கேட்டாரு. அதுல ஏதாவது இருந்தா கதையே வேற, கழுத்து வலியாவே அதை எடுத்துக்க மாட்டாங்க.

எம்ஆர்ஐ எடுக்கலாமான்னு இவரு அவசரப்பட்டாரு. டாக்டர் எக்ஸ்ரே மட்டும் போதும்னாரு, காரணமும் சொன்னாரு, எனக்கு அது ரொம்ப பிடிச்சிருந்தது. நடுவயசு தாண்டினவங்கள்ல வலியே இல்லாதவங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் நிறைய பேருக்குத் தேய்மானம் தெரியும், அறுவதுக்கு மேல போனா பெரும்பாலானவங்களுக்கு இருக்கும், அதனால படத்துல இருக்கிற தேய்மானமும் உடம்புல இருக்கிற தொந்தரவும் ஒத்துப்போகுதான்னுதான் பார்க்கணும். எக்ஸ்ரேல ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சு ஓரத்துல எலும்பு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்ததைக் காட்டினாரு. எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற தட்டு பைப்புல போடுற ரப்பர் வாஷர் மாதிரி, வயசாக ஆக உள்ள இருக்கிற தண்ணிச் சத்து குறைஞ்சு தட்டையாகி ஓரம் வெடிச்சு வெளிய பிதுங்கும், நரம்பு வெளிய வர்ற ஓட்டையும் சின்னதாயிடும். நோய்னு பேரு இருக்கே தவிர பெரும்பாலும் வயசோட வர்ற மாற்றம், சிகரெட்டும் இதை வேகப்படுத்தும், பரம்பரையும் உண்டு. பலம் இன்னும் குறைஞ்சாலோ சில வாரத்துல சரியாகலன்னாலோ எம்ஆர்ஐக்கும் ஸ்பெஷலிஸ்ட்டுக்கும் ரெபரல் தர்றேன்னாரு. கைக்கு இறங்குற இந்த வலி ஆபரேஷன் இல்லாமலே சில வாரத்துல இருந்து சில மாசத்துல பெரும்பாலானவங்களுக்குக் குறைஞ்சிடுமாம்.

பிசியோவுக்கு அப்பாயின்ட்மெண்ட் கிடைக்கத்தான் நாளாச்சு. அந்த ஒரு மார்க்கு இதுக்குத்தான். வலியோட இருக்கிறவங்களுக்கு அந்தக் காத்திருப்பு ரொம்ப கொடுமை. நடுவுல யாராவது கேன்சல் பண்ணா இடம் திறக்கும், ஹெல்த்ஹப்ங்கிற அரசாங்க ஆப்ல அடிக்கடி பாருங்க. தனியார் பிசியோவுக்கு டாக்டர் லெட்டர் இல்லாமலே போகலாம், ஆனா செலவு ஜாஸ்தி.

பிசியோ ஒரு சீனப் பொண்ணு, அங்கிள் அங்கிள்னு அவ்வளவு அன்பா பேசிச்சு. கிரேன்ல எப்படி உட்காருவீங்க, உட்கார்ந்து காட்டுங்கன்னு நாற்காலியைப் போட்டு, கையில ரெண்டு பேனாவைக் குடுத்து ஜாய்ஸ்டிக்னு வச்சுக்கச் சொல்லிச்சு. இவரு பழக்கத்துல அப்படியே முன்னாடி கவுந்து தாடையை நீட்டினாரு. அதைப் பக்கவாட்டுல போன்ல வீடியோ எடுத்து இவருக்கே காட்டிச்சு. இவ்வளவு வருஷத்துல இவரு தன்னை அந்தப் பக்கத்துல இருந்து பார்த்ததே இல்ல. இடுப்புல இருந்து சாயணும், கழுத்தை மட்டும் நீட்டக் கூடாது, ஒரு கன்டெய்னருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கிடைக்கிற அந்தச் சின்ன இடைவெளியில தாடையை உள்ள இழுத்து தலையை நேரா பின்னாடி தள்ளி அஞ்சு செகண்ட் நிறுத்தணும்னு சொல்லிக் குடுத்துச்சு. மத்தபடி தோள்பட்டை எலும்பை ரெண்டையும் பின்னாடி சேர்க்கிறது, எலாஸ்டிக் பேண்டை இழுக்கிறது, அவ்வளவுதான். பெரிய மெஷின் எதுவும் இல்ல. செய்யும்போது விரல்ல மரப்பு கூடினா நிறுத்திடணும், விரல்ல இருந்து வலி மேல ஏறி கழுத்துக்கிட்ட போனா அது நல்ல சகுனம்னு சொல்லிச்சு. கழுத்துப் பட்டை நாள் கணக்கா போடாதீங்க, தசை பலமிழந்துடும்னும் சொல்லிச்சு. ஒரு குறை, எக்சர்சைஸ் பேப்பர் முழுக்க இங்கிலீஷ், தமிழ் மட்டும் தெரிஞ்ச பெரியவங்க தனியா போனா கஷ்டப்படுவாங்க, கூட யாராவது போங்க.

மாத்திரை விஷயத்துல ஒரு வார்த்தை. வலி மாத்திரையைக் கடையில வாங்கி இஷ்டத்துக்குப் போடாதீங்க, கேஸ்ட்ரிக், பிரஷர், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்கு சில வலி மாத்திரை ஆகவே ஆகாது. இவருக்கு நரம்பு வலிக்குன்னு குடுத்த மாத்திரை தூக்கம் வர வைக்கும்னு முன்கூட்டியே எச்சரிச்சு, அதைப் போட்டுக்கிட்டு கிரேனும் பைக்கும் தொடக்கூடாதுன்னு சொல்லி லைட் டூட்டிக்கு மெமோ எழுதிக் குடுத்தாரு டாக்டர். என்ன வேலைன்னு கேட்டு அதுக்குத் தகுந்த மாதிரி எழுதினாரு பாருங்க, அதுக்கே தனியா நன்றி சொல்லணும்.

இப்போ வலி நல்லாவே குறைஞ்சிருக்கு, முழங்கை நீட்டுற பலம் மெதுவா வருது, நடுவிரல் நுனியில மட்டும் கொஞ்சம் மரப்பு நிக்குது. பலமும் உணர்ச்சியும் திரும்ப வலியை விட ஜாஸ்தி நாள் எடுக்கும்னு பிசியோ பொண்ணு சொல்லியிருக்கு.

செலவு பத்திக் கேட்கிறவங்களுக்கு: பாலிகிளினிக்ல சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) ரெண்டு பேருக்கும் சலுகை விலை, முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறைன்னு அரசாங்கம் சொல்ற வயசானவங்களுக்கு இன்னும் கழிவு உண்டு. ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட சலுகையோட போகணும்னா பாலிகிளினிக் லெட்டரோ சாஸ் கிளினிக் (அரசாங்கச் சலுகைத் திட்டத்துல சேர்ந்த தனியார் கிளினிக்) லெட்டரோ வேணும், நேரா போனா பிரைவேட் கணக்குல பில்லு வரும். போறதுக்கு முன்னாடி எந்த விரல், எந்த நேரத்துல, கழுத்தை எந்தப் பக்கம் திருப்பினா கூடுது, கையைத் தலையில வச்சா குறையுதான்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போங்க, சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. தலையணை எதுன்னு ஏற்கனவே ரெண்டு மூணு பேர் கேட்டீங்க, விலை கூடினது எதுவும் வாங்கல, பக்கவாட்டுல படுத்தா மூக்கும் நெஞ்சும் ஒரே கோட்டுல வர்ற உயரம் இருந்தா போதும்னு சொன்னாங்க, வீட்டுல இருந்த பழைய தலையணைக்கு அடியில துண்டை மடிச்சு வச்சு உயரத்தைச் சரிபண்ணிக்கிட்டோம்.